கேட்டறிவதும் கூட இருந்தறிவதும்: தொழில்நுட்ப வடிவமைப்பில் இனவரைவியல்

தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றிய பேச்சில் "மக்களிடம் கருத்துக் கேட்டோம்", "பயனர் ஆய்வு செய்தோம்", "இனவரைவியல் ஆய்வு நடத்தினோம்" என்னும் மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளில் புழங்குகின்றன. சிலரை ஓர் அறையில் உட்காரவைத்து, புதிய செயலியைக் காட்டி, ஒரு மணிநேரம் அபிப்பிராயம் கேட்டதைக்கூட இனவரைவியல் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். எண்களில் பழகியவர்களோ, நாலு பேரோடு பேசிவிட்டு வந்து கதை சொல்வதெல்லாம் ஆய்வாகுமா என்று கேட்கிறார்கள். இரு தரப்பாரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். இந்த முறை மக்களின் விருப்பங்களைச் சேகரிப்பதற்காக ஏற்பட்டதன்று. மக்கள் ஒன்றைச் செய்யும் விதத்தை, அது நடக்கும் இடத்திலேயே இருந்து, அவர்களுடைய நியாயத்தின்படி புரிந்துகொள்வதற்காக ஏற்பட்டது. தொழில்நுட்ப வடிவமைப்புக்கு அது ஏன் பயன்படுகிறது, எங்கே பயன்படாது என்பதைத் தொடக்கநிலை வாசகருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

வழி சொல்பவரும் உடன் நடப்பவரும்

பல ஆண்டுகளாக ஒரே வழியில் வேலைக்கு நடந்து செல்லும் ஒருவரிடம், அந்த வழியைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நேராகப் போய், இரண்டாவது திருப்பத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அவரோடு ஒருநாள் கூடவே நடந்தால் வேறொன்று தெரியவரும். ஒரு வளைவுக்கு முன்னரே சாலையின் மறுபக்கத்துக்கு மாறுகிறார், ஏனென்றால் அங்கே வண்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து திரும்பும். மழை பெய்த மறுநாள் வேறு சந்து. நேரமாகிவிட்டால் இன்னொரு குறுக்கு வழி. இவற்றை அவர் மறைக்கவில்லை. கேட்டபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பழகிப்போன செயல் சொல்லில் வருவதில்லை. காலிலும் கையிலும் தங்கிவிடுகிறது.

இப்படிச் செய்யத் தெரிந்தும் சொல்லத் தெரியாத அறிவை உள்ளுறை அறிவு என்பர். கேள்வித்தாள் எவ்வளவு கவனமாகத் தயாரிக்கப்பட்டாலும் இந்த அறிவு அதில் அகப்படுவதில்லை. கேள்வி கேட்பவருக்கு எதைக் கேட்பது என்று தெரியாது, பதில் சொல்பவருக்குத் தமக்குத் தெரிந்தது என்ன என்று தெரியாது. ஆகவே உடன் நடந்துதான் பார்க்க வேண்டும்.

இனவரைவியல் என்னும் முறை

ஒரு மக்கள் கூட்டத்தின் அன்றாட வாழ்வையோ தொழிலையோ அவர்களிடையே தங்கி, பார்த்து, பழகி, விரிவாக எழுதும் ஆய்வுமுறையே இனவரைவியல். மானிடவியலில் இது உருப்பெற்றதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுபவர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. அவர் 1915-க்கும் 1918-க்கும் இடையே இருமுறை நியூ கினியாவை அடுத்த ட்ரோப்ரியண்ட் தீவுகளில் நெடுங்காலம் தங்கினார். பிறர் எழுதி அனுப்பிய குறிப்புகளை வைத்துக்கொண்டு தொலைவிலிருந்து எழுதும் அக்கால வழக்கத்தை விட்டு, கிராமத்தின் நடுவிலேயே கூடாரம் அமைத்து, மொழியைக் கற்று, அங்கு நடப்பவற்றை நாள்தோறும் பதிவுசெய்தார்.

இம்முறையின் அடிப்படைக் கருவி பங்கேற்பு உற்றுநோக்கல். ஆய்வாளர் ஓரமாக நின்று பார்ப்பதோடு நிற்காமல், தம்மால் இயன்ற அளவு அந்த வேலையிலும் பேச்சிலும் கலந்துகொண்டே கவனிப்பதை அது குறிக்கும். கவனித்ததை அன்றன்றே எழுதிவைப்பது களக்குறிப்பு. ஆய்வின் தரம் பெரும்பாலும் இந்தக் குறிப்பின் தரத்தைப் பொறுத்தது என்பதால், இதை மட்டும் சற்று அருகில் சென்று பார்க்கலாம்.

ஒரு மருத்துவமனைப் பிரிவை எண்ணிக்கொள்வோம். நோயாளிகளின் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் உடனுக்குடன் கணினியில் ஏற்ற வேண்டும் என்பது அங்குள்ள விதி. கவனக்குறைவான குறிப்பு இப்படி இருக்கும்: "செவிலியருக்குக் கணினியைப் பயன்படுத்துவதில் ஆர்வம் இல்லை, பதிவு தாமதமாகிறது." நல்ல குறிப்பு வேறுவிதமாக இருக்கும்: "செவிலியர் முதல் கட்டிலில் அளந்த எண்ணைச் சட்டைப் பையிலிருந்த துண்டுத்தாளில் எழுதினார். கணினி அறையின் மறுகோடியில் இருக்கிறது. கையுறையைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. ஆறு கட்டில்களையும் முடித்த பிறகு ஒரே தடவையாக ஏற்றினார். ஏற்றும்போது மூன்றாம் கட்டிலின் எண்ணுக்குப் பக்கத்தில் தாமே போட்டிருந்த வட்டத்தைப் பார்த்து, எழுந்து போய் மறுபடி அளந்தார்."

முதல் குறிப்பைப் படிக்கும் வடிவமைப்பாளர் செவிலியருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தச் சொல்வார். இரண்டாவதைப் படிப்பவர் துண்டுத்தாளைத்தான் கவனிப்பார். எண்ணைத் தாங்குவதோடு "இதில் சந்தேகம் இருக்கிறது" என்பதையும் அந்தத் தாள் தாங்குகிறது. கணினித் திரையிலோ சந்தேகத்தைக் குறிப்பதற்கு இடமே இல்லை. விதிக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள வெளியை மக்கள் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டைச் சமாளிப்பு வழி எனலாம். புதுமைக்கான தடயம் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: மக்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி உண்டு, அதற்குப் பொய் காரணமன்று, பழக்கமே காரணம். இனவரைவியல் அந்த இடைவெளியில் வேலை செய்கிறது. அதன் மூலப்பொருள் நுணுக்கமான களக்குறிப்பு.

பச்சைப் பொத்தானின் கதை

இம்முறை கணினி உலகுக்குள் வேரூன்றியதற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் முக்கியக் காரணம். மானிடவியலில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த லூசி சச்மன் 1979-இல் அங்கே சேர்ந்தார். அக்காலத்தில் நிறுவனம் வெளியிட்ட ஒரு பெரிய நகலெடுக்கும் இயந்திரம், பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற தோரணையில் விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் வாங்கியவர்களிடமிருந்து அது சிக்கலாக இருக்கிறது என்ற முறையீடே வந்தது. சச்மன், அந்த இயந்திரத்தை முதன்முறையாகக் கையாள்பவர்களை இருவர் இருவராக அதன் முன் நிறுத்திப் படம்பிடித்தார். அப்படங்களுள் ஒன்றில் தடுமாறுபவர்கள் கணினி அறிவியலில் தேர்ந்த இருவர். பயனருக்கு அறிவு போதவில்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழி அதோடு அடைபட்டது.

இருவராக நிறுத்தியதில் ஒரு சூட்சுமம் உண்டு. தனியாக இருப்பவர் மனத்துக்குள் யோசிப்பார். இருவர் இருந்தால் யோசனை பேச்சாக வெளிவரும். சச்மன் அந்தப் பதிவுகளை ஓர் அட்டவணையாகப் பிரித்தார். பயனர் செய்பவற்றில் இயந்திரத்துக்குத் தெரியாதவை ஒரு பத்தியில், தெரிபவை அடுத்த பத்தியில். இயந்திரம் செய்பவற்றில் பயனருக்குத் தெரிபவை ஒரு பத்தியில், வடிவமைப்பாளர் வைத்திருந்த காரணம் கடைசிப் பத்தியில். பயனர்கள் ஒருவரோடொருவர் பேசுவது, தயங்குவது, தவறான இடத்தைப் பார்ப்பது ஆகியவை அனைத்தும் முதல் பத்தியில் போய் நிறைந்தன. மூடி திறந்ததா, பொத்தான் அழுத்தப்பட்டதா என்பவை மட்டுமே இயந்திரத்துக்கு எட்டின. ஒரு பூட்டிய கதவின் சாவித்துளை வழியாக நடப்பதை ஊகிப்பவரைப் போல இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது.

விளைவு என்ன? ஒரு நகல் எடுத்து முடிந்ததும் திரையில் பழைய கட்டளையே மீண்டும் தோன்றும். "அடுத்த பக்கத்தை வையுங்கள்" என்பது வடிவமைப்பாளரின் கருத்து. "முதலில் செய்தது தவறு, மறுபடி செய்யுங்கள்" என்றும் அதையே படிக்கலாம். மனிதர் ஒருவர் எதிரே நின்று சொல்லியிருந்தால் குரலும் முகமும் எது என்று காட்டிவிட்டிருக்கும். இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. மக்கள் தங்கள் திட்டத்தை வரிசை பிசகாமல் நிறைவேற்றுபவர்கள், ஆகவே அந்தத் திட்டத்தை இயந்திரம் கண்டுகொண்டால் போதும் என்று பொறியியல் நம்பியிருந்தது. திட்டம் என்பது செயலுக்கு ஒரு துணையே, நிமிடத்துக்கு நிமிடம் சூழ்நிலையைப் பார்த்துத்தான் செயல் உருவாகிறது என்று சச்மன் வாதிட்டார். 1987-இல் நூலாக வெளிவந்த இவ்வாதம், மனிதர் - கணினி ஊடாட்டம் என்னும் துறையின் போக்கையே மாற்றியது. அத்துறையின் பாடத்திட்டங்களில் அது இன்றும் இடம்பெறுவது தற்செயலன்று. நாம் இப்போது உரையாடும் மென்பொருள்களிலும் சாவித்துளை அகன்றிருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை.

அதே நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்னும் ஆய்வாளர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்களோடு சுற்றினார். பிழைக் குறியீட்டைப் பார், கையேட்டைத் திற, அதில் சொன்னபடி செய் என்பது நிர்வாகம் வகுத்த முறை. நடைமுறையில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் கூடி, தாங்கள் சந்தித்த விசித்திரமான பழுதுகளைக் கதைகதையாகப் பேசினார்கள். வெட்டிப்பேச்சாகத் தோன்றக்கூடிய அந்த நேரத்தில்தான், கையேட்டில் இல்லாத பழுதுகளைக் கண்டறியும் அறிவு கைமாறியது. பின்னர் 1990-களில் ஜெராக்ஸ் உருவாக்கிய யுரேகா என்னும் குறிப்புத் தொகுப்பு, தொழில்நுட்பர்களே எழுதி, சக தொழில்நுட்பர்களே சரிபார்க்கும் ஏற்பாடாக அமைந்தது. கையேட்டை இன்னும் தடிமனாக்குவது என்ற யோசனையிலிருந்து இது எவ்வளவு தூரம் விலகியது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

தானியக்கம் எதைக் களைந்துவிடும்?

புதுமை என்றாலே புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்று நினைக்கிறோம். எதை எடுத்துவிடக் கூடாது என்று காட்டுவதும் களஆய்வின் பயன்தான். லண்டனை அடுத்த வெஸ்ட் டிரேட்டன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளரும் கணினி அறிவியலாளரும் சேர்ந்து நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. ஆய்வு நடந்த காலத்தில் அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை இருந்தது. விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், எதிர்பார்க்கும் நேரம் முதலியவை அதில் இருக்கும். கட்டுப்பாட்டாளர்கள் பட்டைகளைச் சட்டத்தில் கையாலேயே வரிசைப்படுத்துவார்கள், பேனாவால் திருத்துவார்கள், கவனம் தேவைப்படும் பட்டையை வரிசையிலிருந்து சற்றே வெளியே இழுத்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, வரிசைப்படுத்தும் வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது வெளிப்படையான முன்னேற்றமாகத் தோன்றும். கையால் வரிசைப்படுத்தும்போதுதான் ஒவ்வொரு விமானத்தையும் கட்டுப்பாட்டாளர் மனத்தில் ஏற்றிக்கொள்கிறார் என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அந்தச் சிறு உழைப்பை நீக்கினால் அதனோடு கவனமும் நீங்கிவிடும். வெளியே இழுத்துவிட்ட பட்டையோ பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பார்வையில் செய்தி சொல்லிவிடுகிறது.

எண்களோடு சண்டையா?

இல்லை. கருத்தாய்வும் பயன்பாட்டுத் தரவும் எவ்வளவு, எத்தனை பேர் என்பதைச் சொல்கின்றன. ஏன், எப்படி என்பதை இனவரைவியல் தேடுகிறது. ஆனால் இவ்விரண்டையும் சமமான இரு தட்டுகளாக வைத்துவிட்டுப் போவது வசதியான பொய் என்றே சொல்வேன். எதை எண்ணுவது என்று தெரிந்த பிறகுதான் எண்ண முடியும். அந்த வகைப்பாடே தவறாக இருந்தால் பத்து லட்சம் பேரின் பதிலும் தவறான கேள்விக்கான பதிலாகவே இருக்கும்.

"உங்களிடம் கைபேசி இருக்கிறதா?" என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு கைபேசி என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 2000-களின் நடுவில் நோக்கியாவின் ஆய்வாளர் யான் சிப்சேஸும் அவருடைய குழுவினரும் உகாண்டாவில் கண்டது வேறு. ஒரே கைபேசியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். பணம் அனுப்பவும் அதையே பயன்படுத்தினார்கள். நகரத்தில் இருப்பவர் முன்கட்டண அட்டை வாங்குவார். அதைத் தம் கைபேசியில் ஏற்றாமல், ஊரில் கைபேசி வைத்துக் கட்டணத்துக்கு அழைப்பு வசதி தருபவரிடம் அட்டையின் எண்ணைச் சொல்வார். அவர் அந்தத் தொகையைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டு, தரகு போக மீதியைக் குடும்பத்தாரிடம் ரொக்கமாகக் கொடுப்பார். வங்கி இல்லாத இடத்தில் மக்களே ஒரு பணப்பரிமாற்ற முறையை உருவாக்கியிருந்தார்கள். 2007-இல் வெளிவந்த நோக்கியா 1200-இல் பலர் பயன்படுத்துவதற்கேற்பத் தனித்தனித் தொலைபேசிப் பட்டியல்கள் இருந்தன.

கென்யாவில் 2007-இல் தொடங்கப்பட்ட எம்-பெசா என்னும் கைபேசிவழிப் பணப்பரிமாற்றச் சேவையை இனவரைவியலின் வெற்றியாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சற்று மிகை. சிறுகடன் தவணைகளைக் கைபேசி வழியே செலுத்தும் திட்டமாகத்தான் அதன் முன்னோட்டம் 2005-இல் தொடங்கியது. பங்கேற்றவர்கள் அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அதை நடத்திய நிறுவனம் அந்தப் பழக்கத்தைப் பிறழ்ச்சியாகக் கருதி அடைக்காமல் சேவையையே அதற்கேற்ப மாற்றி, "வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்" என்னும் முழக்கத்தோடு வெளியிட்டது. மானிடவியலாளரின் கூடாரம் இங்கே இல்லை. சமாளிப்பு வழியை மதிக்கும் மனப்பான்மை இருந்தது.

அந்த மனப்பான்மை இல்லாதபோது நல்ல களஆய்வும் வீண். டிரிசியா வாங் என்னும் ஆய்வாளர் 2009-இல் நோக்கியாவுக்காகச் சீனாவில் ஆய்வு செய்தபோது, குறைந்த வருவாய் உள்ளவர்கள்கூடத் திறன்பேசிக்காகப் பெருந்தொகை செலவிட ஆயத்தமாக இருப்பதைக் கண்டதாகவும், தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே என்பதால் நிறுவனம் அதை ஏற்கவில்லை என்றும் பின்னர் பொதுமேடையில் கூறியிருக்கிறார். ஒரு நிறுவனத்தின் சரிவுக்கு இந்த ஒன்றையே காரணமாக்குவது நியாயமாகாது. ஆயினும், அந்நிறுவனத்தின் எண்கள் ஏற்கெனவே இருந்த சந்தையை அளந்தன, உருவாகிக்கொண்டிருந்த சந்தை அவற்றில் இன்னும் எண்ணாகவில்லை என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

சுருக்கமாக: எண்கள் அளவைச் சொல்லும், எதை அளக்க வேண்டும் என்பதைக் களம் சொல்லும். சிறிய மாதிரி எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதிலாகாது. அந்தக் கேள்வி சரியானதா என்று சோதிக்க அது போதும்.

களத்திலிருந்து வடிவமைப்புக்கு

தொடக்கநிலையில் உள்ளவர்கள் மிகவும் ஏமாறும் இடம் இது. களத்துக்குப் போய்வந்தால் புதிய அம்சங்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒத்துவருபவற்றைச் சேர்த்து, ஒத்துவராதவற்றைத் தனியே எடுத்து, அவை ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டு, அங்கு நடப்பதற்கு ஒரு விளக்கத்தைக் கட்டியெழுப்புவதே பகுப்பாய்வு. பட்டியலைவிட இந்த விளக்கமே விலைமதிப்புடையது. கணினி அறிவியலாளர் பால் டூரிஷ் 2006-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் குறைகூறினார்: ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் "வடிவமைப்புக்கான பரிந்துரைகள்" என்று சில வரிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து இனவரைவியலை மதிப்பிடுவது, அதன் கோட்பாட்டுப் பங்களிப்பையே தூக்கியெறிவதாகும்.

மருத்துவமனை எடுத்துக்காட்டில், "கணினியைக் கட்டிலுக்கு அருகில் வையுங்கள்" என்பது பரிந்துரை. "அளவீடு என்பது எண் மட்டுமன்று, எண்ணின் மீதான நம்பிக்கையும் சேர்ந்தது" என்பது விளக்கம். முன்னது ஒரு மேசையை நகர்த்தும். பின்னது தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றக்கூடும். விளக்கத்திலிருந்து ஒரு முன்மாதிரியைச் செய்து, மீண்டும் அதே களத்துக்குக் கொண்டுபோய், புதிய சமாளிப்பு வழிகள் முளைக்கின்றனவா என்று பார்ப்பது அடுத்த படி. முளைக்கத்தான் செய்யும்.

இன்டெல் நிறுவனம் 1990-களிலேயே சமூக ஆய்வாளர்களை வேலைக்கு அமர்த்தியது. மானிடவியலாளர் ஜெனிவிவ் பெல் 1998-இல் அங்கே சேர்ந்தார். தொழில்துறையில் பணியாற்றும் இனவரைவியலாளர்களுக்கென்றே 2005-இல் ஓர் ஆண்டு மாநாடும் தொடங்கியது. ஆகவே இது நேற்று முளைத்த நாகரிகமன்று.

எங்கே கவனம் வேண்டும்

இந்த முறைக்குக் காலம் பிடிக்கும், அது நிறுவனத்தின் கால அட்டவணைக்கு ஒத்துவராது. ஆய்வாளரின் முன்முடிவுகள் குறிப்பில் கலக்கும். யாரோ பார்க்கிறார்கள் என்றதும் மக்கள் விதிப்படி நடந்துகாட்டுவார்கள்; அது ஓரளவு நாட்பட்டால் தணியும். இவை எல்லாப் பாடநூல்களிலும் உள்ளவை.

இவற்றைவிடக் கடினமானது அதிகாரம் பற்றிய கேள்வி. சமாளிப்பு வழி என்று நாம் மதித்து எழுதுவது, மேலாளரின் கண்ணுக்கு விதிமீறல். துண்டுத்தாளில் எண்ணை எழுதிய செவிலியரைப் பற்றிய குறிப்பு அப்படியே நிர்வாகத்தின் கைக்குப் போனால், தரவுத்தளம் மாறாது, செவிலியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனால் அனுபவமுள்ள ஆய்வாளர்கள், களத்தில் இறங்குவதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் முடிவுசெய்துகொள்கிறார்கள்: மூலக்குறிப்பை யார் படிக்கலாம், பெயரும் பணிநேரமும் எப்போது நீக்கப்படும், கவனிக்கப்படுபவர் "இதை எழுதாதீர்கள்" என்று இடையில் சொன்னால் என்ன செய்வது, அறிக்கையின் வரைவை முதலில் அவர்களுக்குக் காட்டுவதா நிர்வாகத்துக்குக் காட்டுவதா. ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனம் இவற்றுக்கு உடன்பட மறுத்தால், அந்தப் பணியை ஏற்காமல் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.